மச்சுப் பலகையும் மழைக்காலமும்

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய பலசரக்குக் கடை எதற்குள் போனாலும் தலைக்கு மேலே ஒரு மரத்தளம் இருக்கும். சிலர் மச்சு என்போம், சிலர் பரண் என்போம். கீழே இடம் போதாத கடைக்காரருக்கு அதுதான் குடோன். வெல்லம், சீனி, பருப்பு மூட்டைகள் அங்கேதான் ஏறும். அப்படியிருந்தும் மற்றச் செலவுகளில் பைசாக் கணக்குப் பார்க்கிற நாம், இந்த மச்சுக்குப் பலகை வாங்கும்போது மட்டும், "ஆசாரி, நீங்களே பார்த்து வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதனால் பட்டதைச் சொல்லிவிட்டுப் பிறகு பாடத்துக்கு வருகிறோம்.

எங்கள் கடையில் மச்சு போட்டது ஒரு கார்த்திகை மாதம். அடைமழை. மரவாடியில் கிடைத்த அகலமான பலகையாகப் பார்த்து, எட்டு அங்குலம் அகலத்தில் வாங்கினோம். அகலப் பலகை என்றால் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும் என்பது எங்கள் எண்ணம். ஒன்றோடொன்று நெருக்கி, இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து முடித்தபோது தண்ணீர் ஊற்றினாலும் கீழே வடியாது போல் இருந்தது. பங்குனி பிறந்ததும் கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தலையில் கடுகு விழ ஆரம்பித்தது. வைகாசியில் உளுந்தே விழுந்தது. நாங்கள் இதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஆனி மாதம் சீனி மூட்டையோடு மேலே ஏறிய சுமை தூக்கும் தம்பியின் கால், ஆணி வரிசையில் நெடுக வெடித்திருந்த பலகையை உடைத்துக்கொண்டு தொடை வரை இறங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சதை கிழிந்தது. ஒரு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவும் சம்பளமும் கொடுத்தோம். அதோடு கணக்கு முடிந்ததாக எங்களால் நினைக்க முடியவில்லை. பலகை விற்றவரையோ ஆசாரியையோ குறை சொல்லி என்ன பயன்? பச்சை மரத்தை மழைக்காலத்தில் வாங்கி இறுக்கிப் போடச் சொன்னது நாங்கள்தான்.

கரிசல் மண்ணும் மரமும்

மரம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை நம் ஊர்க்காரருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். சித்திரையில் கரிசல் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசி மழை பெய்து பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வெடிப்பைத் தேடினாலும் கிடைக்காது. மண் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மரமும் அதே குணம். அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்த பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. நூறு வருடம் பழகிய மரமும் இதற்கு விலக்கல்ல. எண் போட்ட பலகைக் கதவு வைத்திருக்கும் பழைய கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் காடியில் கடகடவென்று ஆடும் பலகை, கார்த்திகையில் கட்டையால் தட்டினால்தான் ஏறும்.

நெசவு செய்கிற வீட்டாரும் இதை அறிவார்கள். வறண்ட காற்றடித்தால் பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறியில் தரைக்குள் இருக்கும் ஈரம் நூலைக் காப்பாற்றும். நூற்பாலைகளில் காற்றுக்கு ஈரம் ஏற்றவே தனி இயந்திரம் ஓடுகிறது. பருத்தியும் மரமும் அடிப்படையில் ஒரே சரக்கால் ஆனவை. இரண்டுக்கும் காற்றின் ஈரம்தான் எஜமான்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நாரின் உள்ளே இருக்கும் குழாயில் ஒன்று. அந்த நாரின் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. மரம் காயும்போது முதலில் குழாயில் உள்ள நீர்தான் போகும். அதுவரை பலகை எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரம் ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்கு வந்த பிறகுதான் சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். மரவாடியில் தொட்டுப் பார்த்து "காய்ந்த சரக்கு" என்று நாம் வாங்கும் பலகை பல சமயம் இந்த எல்லையில்தான் நிற்கிறது. மேல்தோல் காய்ந்திருக்கும், அகம் ஈரமாக இருக்கும்.

நம் வட்டாரத்துக் காற்று எப்படி? பங்குனியிலிருந்து ஆடி வரை வறட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் ஆடிக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்கு வெறும் புழுதியைக் கொண்டுவருகிறது. கோடைப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நின்று பெய்தால் 80க்கு மேலே போய்விடும். கடலோரத்து ஊர்களில் வருடம் முழுவதும் ஈரம் ஒரே மாதிரி கூடுதலாக இருக்கும். அங்கே மரம் அதிகம் அசையாது. நமக்குத்தான் இந்த ஏற்றமும் இறக்கமும். கோடையில் மரத்தின் ஈரம் 8 அல்லது 9 விழுக்காட்டில் நின்றால், மழைக்காலத்தில் 14, 15 வரை ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, வருடத்துக்கு ஆறு விழுக்காடு வித்தியாசம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேக்கு மரம் மற்ற மரங்களைக் காட்டிலும் குறைவாகச் சுருங்குவது. அப்படிப்பட்ட தேக்கிலேயே, சாதாரணமாக அறுத்த பலகை ஈரத்தில் ஆறு விழுக்காடு மாறினால் அகலத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் மாறும். எட்டு அங்குலப் பலகை என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். பத்தடி அகல மச்சுக்குப் பதினைந்து பலகை. மொத்தம் ஓர் அங்குலத்தையும் தாண்டிவிடும். இரண்டு மில்லிமீட்டர் என்பது கடுகு விழும் சந்து. அதே மச்சை நாலு அங்குலப் பலகையில் போட்டிருந்தால் ஒவ்வொரு சந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவில் நிற்கும், கடுகு விழாது. மொத்தச் சுருக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அது முப்பது இடத்தில் பிரிந்துவிடுகிறது. இது காய்ந்த மரத்தின் கணக்கு. நாங்கள் போட்டது பச்சை மரம். 28 விழுக்காட்டிலிருந்து 8க்கு வந்தால் சந்து எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உளுந்து விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

நீளத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். மரம் நெடுக்குவாட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருங்காது.

பலகையின் தலைப்பைப் பாருங்கள்

மரம் வாங்கும்போது நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம். தலைப்பை, அதாவது குறுக்கே அறுத்த முனையைப் பார்க்க வேண்டும். அங்கே வருட வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் பலகையின் முகத்துக்கு நெட்டுக்குத்தாக நின்றால் அது அசைவு குறைந்த பலகை. கோடுகள் படுத்த மாதிரி வில்லாக வளைந்திருந்தால் அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். அதோடு காயும்போது தட்டுப் போலக் குழியவும் செய்யும். ஒரே அடியிலிருந்து இரண்டு வகையும் வரும். விலை ஒன்றுதான், பொறுக்கி எடுப்பது நம் பொறுப்பு. மரக்கடைக்காரர் முகம் சுளிக்கலாம். நம் கடையில் புளியைக் கிளறிப் பார்க்கிறவரை நாம் பொறுத்துக்கொள்வதில்லையா?

அடுத்தது வைரம். வைரம் பாய்ந்த நடுக்கட்டை கருத்த நிறத்தில் இருக்கும், வெளிவட்டம் வெளுத்திருக்கும். உளுவண்டுக்கும் செல்லுக்கும் பிடித்தமானது அந்த வெளுத்த பகுதிதான். வெள்ளை உள்ள பலகை மலிவாகக் கிடைக்கும். நாலைந்து வருடத்தில் பலகைக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டும்போது அதன் விலை தெரியும்.

இனி எந்த மரம் என்ற கேள்வி. பர்மா தேக்கு என்ற பெயர் இன்னும் வியாபாரத்தில் இருக்கிறது. ஆனால் மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. ஆகவே அந்தப் பெயரில் வருவது எல்லாம் அந்தச் சரக்குதானா என்று கேட்டு வாங்க வேண்டும். தோட்டத் தேக்கில் இளமரம் அதிகம். வெள்ளை கூடுதலாக இருக்கும். தேக்கு வாங்கினால் ரசீது கட்டாயம். அதைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

வேங்கை உறுதியானது. ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடும். சீனி, மாவு மூட்டைக்கு அடியில் ஆகாது. கருமருது சுமை தாங்கும், ஆனால் காயும்போது வெடிக்கும் குணம் உண்டு. நன்றாகக் காய்ந்த பிறகு வாங்கி உத்தரத்துக்குப் போடலாம், பலகைக்கு வேண்டாம். மா, இலவம் எல்லாம் பெட்டி அடிக்கத்தான். நம் ஊர் வேம்பைக் குறைவாக நினைக்கக் கூடாது. வைரம் ஏறிய வேம்பைப் பூச்சி சுலபத்தில் தொடாது. நேரான, கணுவில்லாத அடி கிடைப்பதுதான் அரிது. பூவரசும் நல்ல மரமே, அகலம் கிடைக்காது. நாலு அங்குலப் பலகைதான் நமக்கு வேண்டும் என்று ஆன பிறகு அகலம் கிடைக்காதது ஒரு குறையா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலம், ஈரத்துக்கு அசைவது குறைவு என்ற கணக்கில் தேக்குக்கே சவால் விடும் மரம். அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களைக் கட்டை கட்டையாக அறுத்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரத்தின் தெருக்களுக்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளம் போட்டிருக்கிறார்கள். நாம் அதைக் கரியாகச் சுட்டு மூட்டை கட்டி அனுப்புகிறோம். கோணல் மரம், சிறு விட்டம், வெள்ளைப் பகுதியில் வண்டு ஆகியவை அதன் குறைகள். நீளப் பலகை வராது; ஆனால் இரண்டு மூன்றடிச் சட்டம் வரும். மூட்டைக்கு அடியில் போடும் கட்டைச் சட்டங்களுக்கு அது அருமையான சரக்கு. நாங்கள் இப்போது அதில்தான் செய்து போட்டிருக்கிறோம். அறுக்கும் மில்காரர் வாள் மழுங்குகிறது என்று கூலி கூட்டிக் கேட்டார், கொடுத்தோம்.

பழைய வீடு பிரித்த மரம் இன்னொரு வழி. காரைக்குடிப் பக்கம் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் பச்சை மரத்தின் பெரிய சுருக்கம் இதில் இருக்காது. ஆனால் பழைய மரம் அசையவே அசையாது என்று சொல்வது தவறு. அந்த வருடாந்தர ஆறு விழுக்காடு அதற்கும் உண்டு. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். ஓரத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் செல் அரித்தது.

பிளைவுட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அகலத்தில் அசைவு மிகக் குறைவு; சந்தே இருக்காது. ஐ.எஸ். 303 முத்திரை உள்ளதில் கொதிநீர் தாங்கும் வகையாக அல்லது ஐ.எஸ். 710 கடல் தரமாகப் பார்த்து வாங்கி, அடியில் நெருக்கமாகச் சட்டம் கொடுத்தால் மச்சுக்கு நல்லதே. மரத்தூள் அட்டைப் பலகை மட்டும் வேண்டாம். கூரை ஒரு தடவை ஒழுகினால் ரொட்டி போல உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது.

தராசு நம் கையில்தான் இருக்கிறது

நெல்லுக்கு ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் அரசு கொள்முதலில் தள்ளுகிறார்கள். மிளகாய் வற்றலைக் கையில் எடுத்துக் குலுக்கியே காய்ச்சல் சொல்லும் வியாபாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். மரத்துக்கும் அதே சோதனைதான். பலகையின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி (முனை சீக்கிரம் காய்ந்து நம்மை ஏமாற்றும்) ஓர் அங்குலத் துண்டு அறுத்து, உடனே மின்னணுத் தராசில் நிறுங்கள். 230 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பழக்கமான பேக்கரிக்காரரிடம் கொடுத்து 103 டிகிரி சூட்டில், கருகாமல், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காய வையுங்கள். 200 கிராம் நின்றால், போன நீர் 30 கிராம். அதைக் காய்ந்த எடையான 200ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. நமக்கு வேண்டியது 10 முதல் 12 வரை. கோடைக்கும் மழைக்கும் நடுவே நிற்கும் அளவு அது. காற்றின் ஈரத்தைக் கொண்டு நாட்டையே நான்கு மண்டலமாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287 சொல்கிறது. அறவை மில்லிலோ மரவாடியிலோ ஊசி வைத்த ஈரமானி இருந்தால் இன்னும் சுலபம்.

இந்த வேலை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. வாங்கிய பலகைகளைக் கடையிலேயே, வரிசைக்கு வரிசை குச்சி வைத்துக் காற்றுப் புக அடுக்குங்கள். ஒரு பலகையைக் குறித்து வைத்து வாரம் ஒரு முறை நிறுத்து எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் இன்னும் காய்கிறது என்று அர்த்தம். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் நம் கடைக் காற்றுக்குப் பழகிவிட்டது. பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.

எந்த மாதம் போடுவது? தை, மாசி சிறந்தது. மழை ஈரம் இறங்கி, கோடை வறட்சி வருமுன் உள்ள இடைக்காலம். சித்திரை, வைகாசியில் போடத்தான் வேண்டும் என்றால் பலகைகளை இறுக்கக் கூடாது. சுவரோரத்தில் அரை அங்குலமாவது விட்டு, அதன் மேல் ஒரு சட்டம் அடித்து மறைத்துக்கொள்ளலாம். தெரிந்த கடை ஒன்றில் அக்னி நட்சத்திரத்தில் சுவருக்குச் சுவர் இறுக்கிப் போட்டார்கள். கார்த்திகையில் நடுவில் நாலு பலகை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது.

பலகைக்குப் பலகை நாக்கும் காடியும் வெட்டிச் சேர்த்தால், மரம் சுருங்கினாலும் சந்து கீழே வரை திறக்காது. கூலி கூடும், ஆனால் பலசரக்குக் கடைக்கு இது வீண் செலவு அல்ல. சந்தில் விழும் பருப்புக் குருணையில்தான் வண்டும் புழுவும் குடியிருக்கின்றன. கப்ரா வண்டின் புழு விரிசலுக்குள் தீனியே இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். புது மூட்டை வந்ததும் வெளியே வரும். சரக்கு மாற்றி மாற்றிப் புழு வருகிறதென்று மொத்த வியாபாரியோடு சண்டை போடுகிறவர்கள், ஒரு தடவை மச்சுப் பலகையின் சந்தைக் குச்சியால் கீறிப் பார்க்கட்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளும் தளம் விரிசலின்றி, சுத்தம் செய்ய வசதியாக இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன.

ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பலகையின் இரண்டு ஓரத்தையும் இறுக ஆணியடித்தால் அது சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். எங்கள் மச்சில் நடந்தது அதுதான். நாக்குப் பக்கத்து ஓரத்தில் மட்டும் சாய்வாக அடித்தால் மறு ஓரம் காடிக்குள் போய்வர இடம் இருக்கும். அடியில் உள்ள சட்டங்களின் இடைவெளியையும் பாருங்கள். நடுவில் ஒரு மூட்டை உட்காரும் பலகையில் தாங்கும் தொலைவை இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். ஈரம் ஏறி இறங்கும் மரம், மூட்டை கூடாமலே வருடா வருடம் கொஞ்சம் தொய்யும். வருடம் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு மச்சைக் காலி செய்து கழுவித் துடைக்கிறோமே, அப்போது அடியில் ஒரு நூலைக் கட்டிப் பிடித்துத் தொய்வு எவ்வளவு என்று சுவரில் எழுதி வைக்கலாம். கழுவுவது என்றதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஈரத்துணி போதும்.

மேல்பக்கத்துக்கு ஆளி விதை எண்ணெய் காய்ச்சிப் பூசலாம். வார்னிஷும் ஆகும். இவை ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஆறு பக்கமும், முக்கியமாக முனைகளிலும், போடும் முன்பே பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் ஈரம் வாங்கிப் பலகை வளையும். முந்திரிக்கொட்டை எண்ணெய், தார் எண்ணெய் போன்றவற்றைத் தீனிச் சரக்கு இருக்கும் இடத்தில் பூச வேண்டாம். சீனியும் தேயிலையும் வாடை பிடித்துக்கொள்ளும்.

கீழ்த்தளத்துக்கு, அதுவும் கரிசல் மண் மேல் கட்டிய கடைக்கு, மரத்தளம் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த மண்ணிலிருந்து மழைக்காலத்தில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே கல்லோ சிமெண்டோ போட்டு, மூட்டைக்கு அடியில் நாலு அங்குல உயரக் கட்டைச் சட்டம் வைத்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குவதே சரி.

எங்கள் மச்சைப் பிரித்து, நாலு அங்குலப் பழந்தேக்குப் பலகையில், ஒரு மாசி மாதம் மறுபடியும் போட்டோம். அந்தத் தம்பிதான் முதல் மூட்டையை மேலே ஏற்றினார். ஏறுமுன் காலால் இரண்டு தடவை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.